விசுவாசத்தில் நிலைத்து நிற்க, பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குங்கள்

ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு தங்களை ஒப்புக்கொடுத்தவர்களில் பலர் அடுத்த அறுவடை வருவதற்குள் பழையபடி ஆகிவிடுவதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அவர்கள் பொய்யாக அழவில்லை. அந்த நேரத்தில் மனசு உருகியது உண்மைதான், ஆனால் மறுநாள் காலையில் எழுந்து போய்ச் செய்வதற்கு என்று கையில் ஒரு வேலை இல்லை, அதனால் உருகிய மனசு நாலு நாளில் இறுகிப்போய்விடுகிறது. மத்தேயு 24-ல் "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்று இயேசு சொல்கிறார். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், அநேகருடைய அன்பு தணிந்துபோம் என்கிறார். அன்பு தணிந்துபோவதைப் பற்றிச் சொன்ன கையோடுதான் நிலைநிற்பதைப் பற்றிச் சொல்கிறார். ஆகவே விசுவாசத்தில் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் அன்பு ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு ஆளும் அந்த ஆளுக்காக விடாமல் செய்கிற ஒரு வேலையும் வேண்டும். பூசைக்குப் போகிறவரானாலும் ஆராதனைக்குப் போகிறவரானாலும் இதில் வித்தியாசம் இல்லை. எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

ஒரே ஒரு ஆள் போதும்

எல்லாரையும் நேசிக்கிறேன் என்று சொல்கிறவர் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அதனால் முதலில், நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒருவரை முடிவு செய்யுங்கள். நம் பக்கத்தில் இதற்காகத் தேடி அலைய வேண்டாம். மன்னார்குடிப் பக்கமோ திருத்துறைப்பூண்டிப் பக்கமோ எந்தத் தெருவுக்குள் போனாலும், பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தனியாக ஒரு அம்மாவோ அய்யாவோ இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். அவர் நம் சபையாக இருக்க வேண்டும் என்றில்லை. நல்ல சமாரியன் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் நீ எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று விசாரிக்கவில்லை. கொஞ்சம் சிடுசிடுப்பான ஆளாக, நன்றி சொல்லத் தெரியாதவராக இருந்தால்கூட தள்ளிவிடாதீர்கள், யாரும் எட்டிப் பார்க்காத வீடு அநேகமாக அப்படிப்பட்டவருடையதாகத்தான் இருக்கும்.

போய் நின்று "உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் பதில் வரும், நம் பெரியவர்களுக்கு மானம் பெரிசு. "பெரியம்மா, நான் ரேஷன் கடைக்குத்தான் போறேன், வண்டியில ஏறுங்க, அப்படியே கொண்டாந்து விட்டுடறேன்" என்று சொல்லிப் பாருங்கள், வருவார்கள்.

ரேஷன் கடை என்று சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்த கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷினில் விரலை வைத்தால் ஏற்காது. கடைக்காரர் துடைச்சிட்டு வைங்கம்மா என்பார், அந்த அம்மா முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், பெருவிரல் போய் ஆள்காட்டி விரல், அப்புறம் மற்ற கை, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனக ஆரம்பிப்பார்கள், கடைசியில் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, கருவிழி வைத்துப் பார்க்கிற கருவி இருக்கிறதா என்று கேட்டு, நடக்க முடியாதவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் பொருள் வாங்குவதற்கான படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தால், அடுத்த மாதத்திலிருந்து அந்த அம்மாவுக்கு இந்த அலைச்சல் குறையும். முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான். 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள், ஆனால் விண்ணப்பிக்கத் தெரியாமலே தகுதியுள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இ-சேவை மையத்துக்கு ஒரு காலைப்பொழுது, கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க இன்னொரு காலைப்பொழுது. நீங்கள் விடுகிற அரை நாள் கூலிதான் அங்கே காணிக்கை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிற திட்டம் 2021-லிருந்து இருக்கிறது, அந்த அம்மாவின் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரை வந்த பிறகும் வேலை முடியவில்லை, அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து நேற்றைய மாத்திரை இன்னும் உள்ளேயே இருக்கிறதா என்று கவனிக்க ஒரு ஆள் வேண்டும்.

தாங்குகிற அளவில் தொடங்குங்கள்

ஆரம்பத்தில் வருகிற ஆர்வத்தில் தினமும் சமைத்துக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்த வாரத்திலும் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிற மாதத்திலும் சம்பா அறுப்பு நடக்கிற தை மாதத்திலும் எது நடக்கும் என்று யோசித்து, அந்த அளவுக்கு மட்டும் பொறுப்பெடுங்கள். நிறுத்திவிட்டால் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏமாற்றம் பெரிதாக இருக்கும்.

பிடியரிசி இதற்கு நம் சபைகளில் ஏற்கனவே இருக்கிற வழி. பல வீடுகளில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உலை வைத்து, வீட்டுக்கு வேண்டிய அரிசியை அளந்து போட்ட பிறகு, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும். மூட்டையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி எடுப்பது வேறு, நமக்கென்று அளந்ததிலிருந்து எடுப்பது வேறு. இரண்டாவதில்தான் நம் சாப்பாட்டில் ஒரு கவளம் குறைகிறது, பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள், ஏன் என்று கேட்கிறார்கள், நாலாம் நாள் அவர்களே கையை நீட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பிடி என்று வைத்தாலும் மாசத்தில் ஒன்றரை கிலோ பக்கம் சேர்ந்துவிடும். வண்டு பிடிக்காமல் இருக்க நாலு காய்ந்த மிளகாயைப் போட்டு வையுங்கள். ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: நாம் பொன்னி சாப்பிட்டால் பொன்னிதான் போக வேண்டும். நமக்குப் பிடிக்காத அரிசியை ஒதுக்கிக் கொடுப்பதற்குத் தியாகம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

பக்கத்து வயலையும் கவனியுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும், அதனால் சாலையோரத்தில் கொட்டிக் காயவைத்துவிட்டுக் காவல் இருக்கிறோம். ராத்திரி திடீரென்று தூறல் போட்டால் அவரவர் குவியலைத்தான் அவரவர் ஓடி மூடுவார்கள். உங்கள் தார்ப்பாயைக் கட்டி முடித்ததும் வீட்டுக்குத் திரும்பாமல், ஆண் துணையில்லாமல் பயிர் வைத்திருக்கிற அந்த அக்காவின் குவியல் மூடியிருக்கிறதா என்று டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். லேவியராகமம் 19-ல் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திக்கிடக்கிறதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று சொல்லியிருக்கிறது. இப்போது மெஷின் அறுக்கிறது, கதிர் பொறுக்க வருகிறவர்களுக்கு முன்போல் மிச்சம் இருப்பதில்லை. அந்த ஓரத்தை இன்று வேறு விதத்தில் விட வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூரில் ஒருவர் 48 வருடம் காட்டியது

ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் அய்யர் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார், அப்போது அவருக்கு வயது 23. அதற்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று இங்கேயே இருந்து 1798 பிப்ரவரியில் தஞ்சாவூரில் காலமானார். ஹைதர் அலி படையெடுத்து வந்த 1780-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி, வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, ஆனால் கொண்டுவர யாரும் வண்டி மாடு தரத் தயாராக இல்லை. ஏற்கனவே மாடு கொடுத்தவர்களுக்குப் பணம் வரவில்லை, அதிகாரிகள் வாக்கை நம்ப முடியாது என்று ஜனங்களுக்குத் தெரியும். அப்போது சுவார்ட்ஸ், ஒவ்வொருவருக்கும் நானே என் கையால் கணக்குத் தீர்க்கிறேன் என்று எழுதி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்கு மாடுகள் வந்தன, நெல் கோட்டைக்குள் வந்தது, சொன்னபடி எல்லாருக்கும் பணம் கொடுத்தார். பஞ்சம் வரப்போகிறது என்று முன்கூட்டியே நெல் வாங்கி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியதும் அதே காலத்தில்தான்.

விவசாயிகள் அன்றைக்கு நம்பியது அவருடைய பிரசங்கத்தை என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்தின வருடங்களில் சின்னச் சின்ன விஷயங்களில் சொன்னதைச் செய்த ஆள் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கிற அவருடைய கோயிலுக்குள் போனால், இரண்டாம் சரபோஜி மன்னர் வரவழைத்து வைத்த பளிங்குச் சிற்பத்தைப் பார்க்கலாம். மன்னர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும் சாகக்கிடக்கிற சுவார்ட்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு தான் நிற்பதைப் போலத்தான் அந்தச் சிற்பம் இருக்கிறது. தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தன் சொத்தைக் கரைத்துக் கஞ்சித் தொட்டி வைத்தவர். கத்தோலிக்கரான அவரைச் சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் புகழ்ந்தார்.

வீட்டுக்குள்ளே

வெளியே செய்வது ஒரு வகையில் சுலபம், நாலு பேர் பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற மாமனாரை வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. அவர் உங்களைத் திட்டவும் செய்வார். எனக்குத் தெரிந்து விசுவாசம் தேய்வதும் உறுதிப்படுவதும் அந்த அறையில்தான்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். இழுக்காதீர்கள், தோல் உரியும், துப்பட்டியோடு சேர்த்துத் தூக்கித் திருப்புங்கள், அதற்கு இரண்டு பேர் வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம், இந்த இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால் புண் வரப்போகிறது என்று அர்த்தம், உடனே நர்சிடம் காட்டுங்கள். ஈரம் தங்க விடாதீர்கள். தண்ணீர்ப் படுக்கையோ காற்றுப் படுக்கையோ கிடைத்தால் நல்லது, ஆனால் அது இருக்கிறது என்று பக்கம் மாற்றுவதை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றையும் ஆண்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த வேலை எல்லாம் மருமகள் தலையில்தான் விழுகிறது. மகன் கோயில் கமிட்டியில் இருப்பார், திருவிழா வேலை பார்ப்பார், அப்பாவின் மலத் துணியை ஒருநாளும் அலசியிருக்க மாட்டார். பெரிய வியாழன் அன்று கோயிலில் பாதம் கழுவுகிற சடங்கைப் பார்த்துக் கண்கலங்குகிறோம். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் போட்டு அப்பாவின் காலை நீங்களே கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, நகம் வெட்டிவிடுங்கள், சர்க்கரை உள்ளவராக இருந்தால் தோல் கீறாமல் பார்த்து வெட்டுங்கள். அடுத்த வியாழனும் செய்யுங்கள். வாரத்தில் ஒரு முழு நாள் உங்கள் மனைவியை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த அறையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவைத் தாண்டி

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தம் இருக்காது. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேராவிட்டால் அங்கே நாற்று காய்ந்துதான் போகும், நம் அன்பும் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டால் அதே கதைதான். ஒரே கர்த்தரை ஆராதிக்கிறவர்களுக்குள்ளே தனி வரிசை, தனிக் கல்லறை, தேர் போகாத தெரு என்று இன்னும் இருக்கிறது. இது இன்று நேற்று வந்ததில்லை. 1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரில் அதை ஏற்க மறுத்துப் பலர் வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடத் தயாராக இருந்தவர்கள் குறைவு, ஆனால் சபையைவிட சாதி பெரிதாக இருந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: தேர் போகாத அந்தத் தெருவில் உள்ள வீட்டுக்குப் போய் உட்காருங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வராதீர்கள். கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள், அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி அதே தட்டில் போடுங்கள். அவர்கள் வீட்டுத் துக்கத்தில் பாடை தூக்கத் தோள் கொடுங்கள். பங்குப் பேரவைக் கூட்டத்தில் திருவிழா வரி, தேர் போகிற வழி என்று பேச்சு வரும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், பெண் எடுக்க யோசிப்பார்கள். உண்மையிலேயே விலை கொடுக்க வேண்டிவருகிற இடம் இதுதான், சிலுவை என்ற வார்த்தையைத் தலைவலிக்கும் கரண்ட் கட்டுக்கும் செலவு செய்துவிடாமல் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். குழுக் கடனுக்கு இரக்கப்பட்டு ஜாமீன் போடாதீர்கள், வாரத் தவணை தவறினால் இரண்டு குடும்பமும் சேர்ந்து விழும். கொடுக்க முடிந்ததைத் திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, உங்கள் வேட்டி சேலைப் பணத்தை எடுக்கலாம். கொடுத்ததைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், வாங்கியவருக்கும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஜெபம் வறண்டுபோகும்போது

வரும். எல்லாருக்கும் வரும். பயிர் போகும், பிள்ளை கை விட்டுப் போகும், முழங்கால் போட்டால் ஒரு வார்த்தையும் வராது. அப்போது நீளமாக ஜெபிக்கப் பார்க்காதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது, ஆறே வசனம்தான், அதை வாய்விட்டு வாசித்துவிட்டு எழுந்து, அந்தப் பெரியம்மாவின் மாத்திரையைப் பார்க்கப் போங்கள். மனசு ஒட்டாமல் செய்கிற வேலை மாய்மாலம் ஆகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆகாது. மாய்மாலம் என்பது பிறர் பார்க்கச் செய்வது, நீங்கள் யாரும் பார்க்காமல், உங்களுக்கே பிடிக்காமல், வாக்குக் கொடுத்தோம் என்பதற்காகப் போகிறீர்கள். அன்பு தணியாமல் காப்பது என்பதற்கு இதைவிட நேரான அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. கலாத்தியர் 6-ல் நன்மை செய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக என்று பவுல் எழுதியதும் சோர்ந்துபோகக்கூடிய ஆட்களுக்குத்தான்.

வறட்சி வந்திருப்பது அடுத்த வீட்டில் என்றால், முதல் வேலை வாயைக் கட்டுவது. "தேவ சித்தம்", "ஆண்டவர் சோதிக்கிறார்" என்று பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்லாதீர்கள். பிளாஸ்க்கில் டீ கொண்டுபோங்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள், பாத்திரம் கழுவுங்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள். மூன்றாம் நாள் ஜெபத்துக்கு எல்லாரும் வருவார்கள், முப்பதாம் நாள் பூசைக்கும் கூட்டம் இருக்கும். நாற்பத்தைந்தாம் நாள் யாரும் வர மாட்டார்கள், அன்றைக்குப் போங்கள். அடுத்த வருடம் அதே தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துப் போங்கள்.

கஜா புயலில் இதைப் பெரிய அளவில் பார்த்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. முதல் சில வாரங்கள் லாரி லாரியாக அரிசியும் போர்வையும் வந்தன, நல்ல காரியம். ஆனால் புதிதாக வைத்த நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும், அதுவரைக்கும் அந்த வீட்டில் வருமானம் எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துக்குச் செய்ய நினைத்தால், கன்று காய்க்கும் வரை என்று காலத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒரு பிள்ளையின் படிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டு, பஸ் செலவு, பரீட்சைக் கட்டணம். அடுத்த புயல் வேறு ஊரில் அடிக்கும், எல்லாரும் அங்கே ஓடுவார்கள், நீங்களும் போய் வாருங்கள், ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஜூன் மாதம் நோட்டு வாங்கும் நாளில் திரும்பி வந்துவிடுங்கள்.

நீங்கள் இல்லாத நாளுக்கு

கடைசியாக, இந்த வேலையைத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்பியத்திலோ வின்சென்ட் தே பால் சபையிலோ பெண்கள் ஐக்கியத்திலோ இன்னொருவரை ஒரு தடவை கூட்டிப்போய் அந்த வீட்டில் அறிமுகம் செய்து வையுங்கள். மாத்திரைச் சீட்டு எங்கே இருக்கிறது, ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில், திருப்பூரில் இருக்கிற மகனின் போன் நம்பர், ராத்திரியில் மூச்சு முட்டினால் கூப்பிட வேண்டியது 108, இதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அந்த வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிற வாரத்திலும், நீங்களே படுத்துவிட்ட வாரத்திலும் அவர் போவார். அவர் போக முடியாத வாரத்துக்கு யார் என்று இப்போதே அவரிடம் கேட்டு வையுங்கள்.